மகன் விட்டுப்போன பாம்பு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நான் எம்மாத்திரம்? பதினெட்டு வயதிலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். விடியுமுன்னே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கினால், மரத்தடியில் சருகு அசைந்தாலே போதும், உயிர் போய் உயிர் வரும். என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். "பாம்பு, பாம்பு!" என்று யாராவது கூவினால் பாராங்கைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அவர் கொன்ற பாம்புகளுக்குக் கணக்கே கிடையாது. அவை தோட்டத்து எலிகளைத் தின்று நமக்கு நன்மைதான் செய்கின்றன என்று அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் எங்கள் இளைய மகன் ஒரு பாம்பைக் கொண்டுவந்தான். பெர்ஹிலித்தானில் முறையாக உரிமம் எடுத்திருந்தான். "பால் பைத்தன்" என்று அதற்குப் பெயர் சொன்னான். பால் என்றதும் நான், பால் குடிக்கும் பாம்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ரப்பர் பாலோடு வாழ்ந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? பிறகுதான் விளக்கினான். பயந்தால் பந்து மாதிரி சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளுமாம். அதனால் அந்தப் பெயர். ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதிதான் அதன் பூர்வீகம். விஷம் கிடையாது. தீனி எலிதான். எந்தப் பாம்பும் பாலுக்கு ஆசைப்படுவதில்லை என்றும் சொன்னான். தோட்டத்துக் கோயில் புற்றுக்கு நான் ஊற்றிய பாலை எல்லாம் எண்ணிப் பார்த்தேன். சரி, அது சாமிக்கு ஊற்றியது. அதை விட்டுவிடுவோம்.

வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம்! "என் வாழ்நாளெல்லாம் இதுங்களோட மல்லுக்கட்டினேன். இப்ப வீட்டுக்குள்ளயே கொண்டாந்து வைக்கிறியா?" என்றார். அன்றோடு அப்பாவும் மகனும் பேசுவது நின்றது. "அவன் சாப்பிட்டானான்னு கேளு" என்பார் என்னிடம். அவன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பான்.

2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அங்கே பாம்பு வளர்க்க அனுமதி இல்லை. விற்றுவிடுவான் என்று நான் நம்பினேன். அவனோ, "அம்மா, நீங்க தண்ணி மட்டும் மாத்துங்க. மாசத்துக்கு ரெண்டு தடவை நான் வந்து தீனி குடுத்துக்கிறேன்" என்றான். பெற்ற பிள்ளை கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணாடிப் பெட்டி அவனுடைய அறையிலேயே இருந்தது. நான் தினமும் கம்பிவலை மூடியைக் கொஞ்சமாக நகர்த்தி, நீண்ட அகப்பையால் எட்ட நின்று தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடி வந்துவிடுவேன். பெட்டிக்குள் தண்ணீர் தெளிக்கவும் சொல்லியிருந்தான். பயத்தில் அதை நான் செய்யவில்லை. அவன் கேட்டபோது "தெளிச்சேன்ப்பா" என்று பொய் சொன்னேன்.

அந்த மார்ச் மாத வெயில் நினைவிருக்கிறதல்லவா? இரவிலும் உடம்பு எரிந்தது. எங்கள் வீட்டில் குளிர்சாதனம் இருப்பது அந்த ஓர் அறையில்தான். இவர் இரண்டு நாள் வீறாப்பாகக் கூடத்தில் படுத்தார். மூன்றாம் நாள் தலையணையை எடுத்துக்கொண்டு பேசாமல் அந்த அறைக்குப் போய்விட்டார். வெயில் யாரைத்தான் விட்டது! அதன் பிறகு இரவெல்லாம் அங்கே குளிர்சாதனம் ஓடியது.

ஒரு நாள் காலை தண்ணீர் ஊற்றப் போனவள் திடுக்கிட்டேன். பாம்பின் கண்கள் இரண்டும் நீலம் பாரித்துப் புகை படிந்தாற்போல் இருந்தன. உடம்பும் சாம்பல் பூத்திருந்தது. செத்துக்கொண்டிருக்கிறதோ என்று பதறி இவரைக் கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தவர், "சட்டை உரிக்கப் போகுது. சும்மா விடு" என்றார். தோட்டத்தில் பார்த்த அனுபவம். பழைய தோலுக்கும் அடியில் வளரும் புதுத் தோலுக்கும் நடுவே நீர் ஊறுவதால்தான் கண் அப்படி மங்குகிறதாம். இதை மகனிடமிருந்து பின்னால் தெரிந்துகொண்டேன். சில நாளில் கண் தெளிந்துவிடும். அதற்குப் பிறகு உதட்டிலிருந்து தொடங்கி, காலுறையைக் கழற்றுவது போல ஒரே உருப்படியாகச் சட்டை கழன்றுவிடும்.

ஆனால் எங்கள் வீட்டில் அப்படிக் கழலவில்லை. தலைப் பக்கம் கொஞ்சம், வயிற்றுப் பக்கம் கொஞ்சம் என்று துண்டு துண்டாகப் பிய்ந்து தொங்கியது. மற்ற இடங்களில் காகிதம் ஒட்டினாற்போல் உடம்பிலேயே நின்றுவிட்டது. ஒரு நாள் பார்த்தேன், இரண்டு நாள் பார்த்தேன். அது தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு ஓய்ந்து கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில், எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ, கையுறை மாட்டிக்கொண்டு கழுத்தருகே தொங்கிய ஒரு துண்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். பாம்பு வெடுக்கென்று சுருண்டது. இழுத்த இடத்தில் ஐந்து காசு அளவுக்குச் சிவந்து, நீர் கசிந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்குத் தெரியாமல் கேடு செய்துவிட்டவள் போல என் கை நடுங்கியது.

அன்றிரவு மகனைக் கைப்பேசியில் முகம் பார்க்கும்படி அழைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தெளித்ததாகச் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "பெட்டியில ஒரு மீட்டர் ஒட்டியிருக்கேன், அதுல ஈரப்பதம் எவ்வளவும்மா?" என்று கேட்டான். நாற்பதுக்கும் கீழே இருந்தது. சட்டை உரிக்கும் காலத்தில் அறுபதுக்கு மேல் இருக்க வேண்டுமாம். குளிர்சாதனம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிட்டது. மழைக்காட்டு நாட்டில் இருந்துகொண்டு ஒரு பாம்பை ஈரமில்லாமல் வாட்டியிருக்கிறோம்!

"அம்மா, கண்ணைக் கிட்டக் காட்டுங்க" என்றான். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. அப்போதுதான் வாசற்படியில் நின்றிருந்த இவர் உள்ளே வந்து, என் கையிலிருந்த கைப்பேசியை வாங்கினார். "எப்படிப் பிடிக்கணும், சொல்லு" என்றார். ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு அப்பா மகனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். மகன் ஒரு கணம் பேசாமல் இருந்துவிட்டு, "தலையைப் பிடிக்காதீங்கப்பா. நடு உடம்பை ரெண்டு கையாலயும் தாங்கித் தூக்குங்க" என்றான்.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணாடி போன்ற ஒரு செதில்தான் கண்ணை மூடியிருக்கும். சட்டையோடு அதுவும் கழல வேண்டும். எங்கள் பாம்புக்கு இடது கண்ணில் அது சுருக்கம் விழுந்து ஒட்டியிருந்தது. வால் நுனியிலும் பழைய தோல் மோதிரம் மாதிரி இறுகியிருந்தது. அதை அப்படியே விட்டால் ரத்த ஓட்டம் நின்று வால் அழுகிவிடுமாம்.

மகன் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். மூடியில் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் துண்டை விரித்து, வெதுவெதுப்பான நீர் விட்டோம். பாம்பின் உடம்பில் பாதி நனையும் அளவுதான். சூடு சரிதானா என்று முழங்கையால் தொட்டுப் பார்த்தேன். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டும் பதம். அது எனக்குத் தெரிந்த வேலைதானே! அரை மணி நேரம் ஊறவிட்டோம். பக்கத்தை விட்டு இருவரும் நகரவில்லை. பிறகு இவர் நனைத்த துண்டைக் கைகளில் தளர்வாகச் சுற்றிக்கொள்ள, பாம்பு தானாக அதற்குள் ஊர்ந்து ஊர்ந்து போனது. துண்டின் சொரசொரப்பில் ஊறிய தோல் உரிந்து வந்தது. மங்கில் காய்ந்துபோன ஒட்டுப்பாலைப் பிய்த்தால் துணுக்குத் துணுக்காகத்தான் வரும். ஈரமாக இருந்தால் முழுசாக எழும்பும். இத்தனை வருடம் பால் வெட்டியும் இது எனக்குத் தோன்றாமல் போனதே!

பாராங் பிடித்துக் காய்த்துப்போன கை அது. அந்தக் கைக்குள் பாம்பு நுழைந்து வெளிவருவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "குளிர்ச்சியா இருக்கு" என்றார், என்னைப் பார்க்காமல்.

மறுநாளும் அப்படியே குளிப்பாட்டினோம். வால் நுனி வளையத்தை ஈரப் பஞ்சால் உருட்டி உருட்டி எடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. கண் மட்டும் வரவில்லை. இடுக்கியால் எடுத்துவிடலாமா என்று இவர் கேட்டார். "வேண்டவே வேண்டாம்ப்பா, உள்ள இருக்கிற கண்ணே போயிடும்" என்று மகன் அலறினான். ஈப்போவில் பாம்பு பார்க்கும் விலங்கு மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். கழுத்துக் காயத்துக்கு மருந்து போட்டார். கண்ணைத் தொடாமல் அடுத்த சட்டை வரை பொறுக்கச் சொன்னார். ஈரப் பாசி நிரப்பிய ஐஸ்கிரீம் டப்பாவில் வாசல் வெட்டி, பெட்டிக்குள் வைத்தோம். இவர் மறுபடியும் கூடத்தில் படுத்துக்கொண்டார். வியர்க்க வியர்க்கத்தான்.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் கண் நீலம் பூத்தது. காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன், இந்த முறை உண்மையாகவே. ஒரு விடியற்காலை இவர் என்னை உலுக்கி எழுப்பினார். கையில் டார்ச் விளக்கு. ஐஸ்கிரீம் டப்பாவின் வாசலில் முழுச் சட்டையும் ஒரே உருப்படியாகக் கிடந்தது. உள்ளே பாம்பு புதுச் சேலை உடுத்தியது போல மினுமினுத்தது. இவர் சட்டையின் தலைப் பக்கத்தை மெல்ல விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு கண்ணாடி வட்டங்கள் தெரிந்தன. இடது பக்கத்து வட்டம் மட்டும் சற்றுத் தடித்திருந்தது. முந்திய முறை ஒட்டிக்கொண்டதும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது.

மணி ஐந்தரைகூட ஆகவில்லை. "பிள்ளை தூங்கும், அப்புறம் கூப்பிடலாம்" என்றேன். அதற்குள் இவர் எண்ணை அழுத்திவிட்டார். "தம்பி, ரெண்டு கண்ணும் வந்துடுச்சிடா" என்றார்.

அந்தச் சட்டையை மைலோ டின்னில் போட்டு, ஊறுகாய்ப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதை வேறு இடத்தில் வைக்கச் சொல்லித்தான் இப்போது எங்களுக்குள் சண்டை.