துணி முகமும் வெறுங்கையும்

கண்காட்சியின் பெயரிலேயே ஒரு கூச்சம் தெரிந்தது. ‘டாக்டர் ஹூ: வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர்’ என்பது பெயர். அதோடு நிறுத்தியிருக்கலாம். விஞ்ஞானமும் கற்பனையும் சந்திக்கும் இடம் என்று அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். பி.பி.சி. டெலிவிஷனில் 1963 நவம்பர் 23-ஆம் தேதி ஆரம்பித்து, 1989-இல் நின்று, 2005-இல் திரும்பி வந்த தொடர் இது. நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறிக் காலத்தையும் வெளியையும் கடந்து திரியும் ஒரு நாடோடியின் கதை. அதில் வந்த உடைகள், பூதங்கள், யந்திரங்கள் எல்லாவற்றையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். 2022-இல் லிவர்பூலில் தொடங்கி, அந்த டிசம்பரில் எடின்பரோ வந்து, 2023 மே முதல் தேதிவரை ஸ்காட்லாந்து தேசிய ம்யூஸியத்தில் இருந்தது. நான் பார்த்தது மார்ச்சில், அண்ணன் மகனோடும் அவனுடைய ஒன்பது வயதுப் பெண்ணோடும்.

பூதங்களைத் தனியே நிற்கவிட அமைப்பாளர்களுக்குத் தைரியம் போதவில்லை. காலப் பயணம் சாத்தியமா, யந்திரம் சிந்திக்குமா, வேறு கிரகங்களில் உயிர் இருக்குமா என்று விஞ்ஞான விளக்கங்கள் கூடவே வந்துகொண்டிருந்தன. கற்பனைக்கு விஞ்ஞானத்திடமிருந்து ஒரு நன்னடத்தைச் சான்றிதழ். கதைக்குச் சமூகப் பயன் என்ன என்று சான்றிதழ் கேட்டவர்களோடு முப்பது வருஷம் மல்லுக்கு நின்றவன் நான். இங்கேயும் அதே குமாஸ்தா வேறு சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. ஒரு பொய், தன் தர்மத்துக்குள் எவ்வளவு முழுமையாக இருக்கிறது என்பதுதான் கேள்வி. அது நாளை மெய்யாகுமா என்பது ஜோசியக்காரன் கவலை.

வேடிக்கை என்னவென்றால், சான்றிதழ் தர வேண்டிய விஞ்ஞானமும் அதே கட்டிடத்தில்தான் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. டாலி. முதிர்ந்த உடலின் செல் ஒன்றிலிருந்து பிரதியாக உருவாக்கப்பட்ட முதல் பாலூட்டி. 1996-இல் எடின்பரோவுக்கு அருகே பிறந்து 2003-இல் இறந்த பெண் ஆடு. அதன் தோலை உரித்துப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். டாலியும் இப்போது ஒரு உடுப்புதான். உள்ளே இருந்தது போய்விட்டது.

முதலில் டாலெக். அண்ணன் மகன் அதைப் பற்றித்தான் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தான். குழந்தைக்காகப் பார்க்க ஆரம்பித்து, குழந்தையைவிட அதிகமாகப் பார்த்துவிட்டவன். மனிதனுக்குச் சம்பந்தமில்லாத ஒரு உருவம் வேண்டும், கால்கள் இருக்கக் கூடாது என்று கதாசிரியர் டெர்ரி நேஷன் கேட்டாராம். தரையைத் தொடுகிற பாவாடைக்குள் கால் தெரியாமல் வழுக்கிச் செல்லும் ஜார்ஜிய நாட்டு நடனப் பெண்கள் அவர் மனதில் இருந்தார்கள். அதற்கு உருவம் கொடுத்தவர் ரேமண்ட் கியூசிக், பி.பி.சி.யில் மாதச் சம்பளக்காரர். உள்ளே ஒரு ஆள் உட்கார வேண்டும் என்ற ஒரே நிர்ப்பந்தத்திலிருந்து தொடங்கினார். நாற்காலியில் உட்கார்ந்த மனிதனைச் சுற்றி ஒரு கோடு போட்டால் வருவதுதான் டாலெக். கைக்குப் பதிலாக, கழுவுதொட்டி அடைத்துக்கொண்டால் குத்தியெடுக்கிற ரப்பர் கிண்ணம். உள்ளே உட்கார்ந்தவன் காலால் தரையை உந்தித் தள்ளிக்கொண்டே போவான். குரல் அவனுடையதல்ல, வேறொரு நடிகர் வெளியே மைக் முன்னால் இருந்து பேசுவார். ஆனாலும் உள்ளே இருப்பவன் வசனத்தை மனப்பாடம் செய்தாக வேண்டும். ஒவ்வொரு சப்தத்துக்கும் தலையிலுள்ள விளக்குகளை அணைத்து ஏற்றுவது அவன் வேலை.

இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பெயர் தெரியாத, முகம் தெரியாத, குரலும் இல்லாத ஒரு நடிகன் இருட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு இன்னொருவன் பேசும் வார்த்தைகளுக்கு விளக்குப் போடுகிறான்.

டெர்ரி நேஷன் சுதந்திர எழுத்தாளர் என்பதால் டாலெக்கில் அவருக்கு உரிமை இருந்தது, செல்வந்தரானார். சம்பளக்காரரான கியூசிக்குக் கிடைத்தது ஒருமுறை வெகுமதியாகக் கொடுத்த நூறு பவுன் அளவிலான ஒரு தொகை. உருவம், உள்ளடக்கம் என்று நாம் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறோம். பி.பி.சி.யின் கணக்குப் பிரிவு அதை எவ்வளவு சுலபமாகத் தீர்த்திருக்கிறது!

குழந்தை டாலெக்கைச் சுற்றி வந்து பார்த்தாள். “உள்ள யாரு தாத்தா இருக்கா?”

“யாரும் இல்லை.”

“அப்ப இது டாலெக் இல்லை.”

அவள் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. 1963-இல் படம் கறுப்பு வெள்ளை. ஒரு சட்டத்தில் 405 கோடுகள். அந்தக் கோடுகளின் இடைவெளியில் எதையும் ஒளித்துவைக்கலாம். முதல் கதைக்கு அவர்கள் செய்ய முடிந்தது நான்கே நான்கு டாலெக்குகள். கூட்டம் வேண்டிய இடத்தில் பின்னால் டாலெக்கின் புகைப்படத்தைப் பெரிதாக்கி நிறுத்திவைத்தார்கள். பார்க்கிறவன் கூட்டத்தைப் பார்த்தான். அதாவது, செய்தவன் பாதியைத்தான் செய்தான். மீதிப் பாதியைச் செய்யும் பொறுப்பு, சனிக்கிழமை மாலை வீட்டு ஸோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப்பார்த்த குழந்தையிடம் விடப்பட்டிருந்தது. கண்காட்சியில் நாம் பார்ப்பது முதல் பாதியை மட்டும். அதையும், எந்த வெளிச்சத்தைத் தாங்குவதற்காக அது செய்யப்படவில்லையோ அந்த வெளிச்சத்தில்.

1975-இல் வந்த ஒரு கதையில் மனிதன் மெல்ல மெல்லப் பூச்சியாக மாறுகிறான். அவன் கை மாறிவிட்டதைக் காட்ட, கண்ணாடிச் சாமான்களைச் சுற்றி அனுப்புகிற, குமிழ் குமிழாக இருக்கும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிப் பச்சை வர்ணம் அடித்தார்கள். அந்தத் தாள் அப்போது வீடுகளுக்கு அவ்வளவாக வந்திராத காலம். இன்று பார்த்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். பொருள் மாறவில்லை, நாம் அதை வெடித்து விளையாடக் கற்றுக்கொண்டுவிட்டோம்.

2005-க்குப் பின்னால் வந்தவை அப்படியில்லை. ரப்பரும் ஃபைபர்கிளாஸும் மிகத் தேர்ந்த கைகளில் பட்டிருக்கின்றன. தோலின் சுருக்கம், நரம்பு, ஈறு எல்லாம் இருக்கிறது. மூக்கு கண்ணாடியில் முட்டும்வரை நெருங்கிப் பார்த்தாலும் குறை தெரியாது. எனக்கு அவற்றின் முன்னால் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. எல்லாமே சொல்லப்பட்டுவிட்ட கவிதை மாதிரி இருந்தன. கூத்தில் கட்டியங்காரனும் இன்னொருவனும் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு நிற்கும் திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் வருவதற்குள் நமக்கு என்னவெல்லாம் ஆகிவிடுகிறது! திரையைப் பிடித்த ஆள் தெரிவது அங்கே குறையே அல்ல. பழைய டாக்டர் ஹூவுக்கு அந்த வறுமையின் கம்பீரம் கொஞ்சம் இருந்திருக்கிறது.

போலீஸ் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 1929-இல் கில்பர்ட் மெக்கென்ஸி ட்ரெஞ்ச் என்பவர் லண்டன் போலீசுக்காக வடிவமைத்தது. தொடர் ஆரம்பித்தபோது தெரு முனைகளில் நிஜமாகவே நின்றது; யார் கண்ணிலும் படாத சாதாரணப் பொருள் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு தெருவிலிருந்து நிஜம் போய்விட்டது, நகல் மட்டும் நின்றது. அந்த உருவத்தை வியாபாரச் சின்னமாகப் பதிவு செய்ய பி.பி.சி. விண்ணப்பித்தபோது லண்டன் போலீஸ் ஆட்சேபித்தது. 2002-இல் தீர்ப்பு பி.பி.சி. பக்கம். எடின்பரோவில் வேறு மாதிரி, வார்ப்பிரும்பில் கோயில் மாடம் போலச் செய்த பெட்டிகள். சிலவற்றில் இப்போது காப்பி விற்கிறார்கள்.

இனி சொல்லப்போவது கண்காட்சியில் இல்லாததைப் பற்றி. அறுபதுகளில் ஒளிபரப்பான பகுதிகளின் ஒளிநாடாக்களை பி.பி.சி. அழித்துவிட்டது. விரோதம் ஒன்றும் கிடையாது. நாடா விலை அதிகம், அழித்துவிட்டு மேலே வேறு பதிவு செய்யலாம். மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தம் அதிகம் இடம் தரவில்லை. வெளிநாடுகளுக்கு விற்க எடுத்த ஃபிலிம் பிரதிகளையும் எழுபதுகளில் இடம் போதவில்லை என்று ஒழித்தார்கள். இந்தத் தொடரின் முதல் பகுதியை டைரக்ட் செய்தவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுஸைன். அவர் அடுத்து டைரக்ட் செய்த மார்க்கோ போலோ கதையின் ஏழு பகுதிகளில் ஒன்றுகூட ஒளிநாடாவாகவோ ஃபிலிமாகவோ இன்றுவரை அகப்படவில்லை. அகப்பட்டவை எங்கெங்கோ அகப்பட்டன. 2013-இல் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் ஜோஸ் நகரத்திலிருந்து வந்தன.

ஆனால் ஒலி முழுவதும் இருக்கிறது. டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்து வாரா வாரம் பதிவு செய்த பையன்களால். சில கதைகளுக்குப் படமும் உண்டு. ஜான் க்யூரா என்பவருக்கு ஒரு விநோதத் தொழில் இருந்தது. தன் வீட்டு டெலிவிஷன் திரையைக் காமிராவால் படமெடுத்து, நடித்தவர்களுக்கும் டைரக்டர்களுக்கும் விற்பார். நடிகனுக்குத் தன் வேலைக்கு அதுதான் சாட்சி. ஒரு மணித்துளியில் ஓடி மறைவதிலிருந்து அங்கங்கே ஒரு கணம், கலங்கலாக. அந்தப் படங்களையும் பையன்களின் ஒலியையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பல கதைகளை இப்போது பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள் என்று சொல்லலாமா தெரியவில்லை.

இழந்தவற்றில் ஒன்று 1966 அக்டோபரில் வந்த ‘தி டென்த் ப்ளானட்’ கதையின் நான்காம் பகுதி. டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் உடல் நலம் குன்றியிருந்தார். அவர் தரையில் கிடந்து, முகம் வெளுத்துக் கரைந்து, இன்னொரு நடிகரின் முகமாக மாறுகிறார். தொடர் இத்தனை வருஷம் உயிரோடு இருக்கக் காரணமான கணம் அது. அந்தப் பகுதி போய்விட்டது. கணம் மட்டும் இருக்கிறது. 1973-இல் குழந்தைகளுக்கான வேறொரு நிகழ்ச்சியில் காட்டுவதற்காக அந்த நறுக்கை எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள்.

அதே கதையில்தான் சைபர்மேன் முதலில் வந்தது. அதை யோசித்தவர்களில் ஒருவர் கிட் பெட்லர், கண்ணை ஆராய்ச்சி செய்த மருத்துவ விஞ்ஞானி. தேய்ந்த உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், எந்த உறுப்போடு மனிதன் முடிகிறான் என்பது அவர் பயம். என் இடது கண்ணில் இருப்பது செயற்கை வில்லை. கண்காட்சி முழுவதையும் அதன் வழியாகத்தான் பார்த்தேன். எனவே இந்தக் கேள்வி எனக்குப் பழமையாகப் படவில்லை. ஆனால் எதிரே நின்ற சைபர்மேன்கள் பளபளக்கும் கவசங்கள். தலை முதல் கால்வரை எஃகு நிறம். அவற்றுக்குள் ஒரு காலத்தில் யாரோ இருந்தான் என்ற சந்தேகம்கூட வரவில்லை.

“முதல்ல இப்படி இல்லை சித்தப்பா” என்று சொல்லி அண்ணன் மகன் தன் ஃபோனில் 1966-ஆம் வருஷத்துப் படத்தைக் காட்டினான். மார்பில் கனத்த பெட்டி. தலைமேல் ஒரு விளக்கு. முகத்தில் துணி, கட்டுப் போட்ட நோயாளியின் முகம்போல, கண்ணுக்கும் வாய்க்கும் துவாரம். பேசும்போது வாய் திறந்தபடி நிற்கும், உதடு அசையாது, பேச்சு தானாக வரும் என்றான். பிறகு கைகள். கையுறை இல்லை. நகமும் மயிருமாக, மணிக்கட்டுக்குக் கீழே வெறும் மனிதக் கைகள்.

பணம் போதாததால் கையை அப்படியே விட்டார்களா, யோசித்து விட்டார்களா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அடுத்த கதைகளில் கைகளை மூடிவிட்டார்கள். முகத்தையும் உலோகமாக்கினார்கள். அதற்குப் பிறகு அது ரோபோ. முன்பு அது யாரோ ஒருவன்.

படத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. 2021 மே மாதத்தில் அண்ணா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது ஒரே ஒரு முறை என்னை உள்ளே விட்டார்கள். வெள்ளைக் கவச உடை, கண்ணாடி, இரட்டை மாஸ்க், இரட்டைக் கையுறை. எல்லோரும் ஒரே உடுப்பில் ஒரே உயரத்தில் இருந்தார்கள். அண்ணா முகத்தை ஆக்ஸிஜன் மாஸ்க்கும் அதன் பட்டைகளும் மூடியிருந்தன. நான் ஃபோனைத் தூக்கிப் பிடித்தேன். மறுமுனையில் இவன், இதே எடின்பரோவில். வர வழியில்லாமல் மூன்று வாரமாக உட்கார்ந்திருந்தான். திரையில் தெரிந்த முகம் இவனுக்குப் பிடிபடவில்லை. யாரென்று தெரியாத ஒருவரிடம் “அப்பா, அப்பா” என்று இரண்டு தடவை சொன்னான். அப்புறம் என்னிடம், “கையைக் காட்டுங்க சித்தப்பா” என்றான்.

குழந்தை அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டாள். அவன் போகவில்லை.

“அந்தக் காலை ரெகார்ட் பண்ணியிருக்கலாம். பண்ணத் தோணலை. நாலு நிமிஷம் பேசினோம். ஒண்ணுமே இல்லை இப்ப.”

“அப்பா பேசலையேடா.”

“நாம பேசினோமே.”

ஃபோனில் எதையோ தேடினான். நிறைய நேரம் பின்னால் போக வேண்டியிருந்தது. குழந்தையின் பிறந்த நாட்கள், பனி, ஒரு புதுக் கார். பிறகு என்னிடம் நீட்டினான். எப்போதோ விரல் பட்டு எடுத்த ஒற்றைப் படம், அந்த ஃபோன் காலிலிருந்து. கலங்கலாக இருந்தது, என் கை ஆடியிருக்க வேண்டும். பச்சைப் போர்வை. அதன்மேல் அண்ணாவின் வலது கை, ஆள்காட்டி விரலில் ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப், ஐம்பது வருஷம் பேனா பிடித்துக் காய்ப்பு ஏறிய நடுவிரல். ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, நீலக் கையுறை போட்ட என் விரல்கள்.