ஒன்பதாம் ஆண்டின் மலர்

காய்க்காக ஒரு மரம் நடுவோர் கணக்குப் பார்த்து நடலாம். நிழலுக்காக நடுவோர் இடம் பார்த்து நடலாம். மணத்துக்காக மட்டும் ஒரு மரம் நடுவோர் எதைப் பார்த்து நடுவது? இவ்வினாவுக்கு விடை காண நமக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின.

நாம் நட்டது செண்பகம். மேலைநாட்டுத் தோட்டங்களில் போற்றப்படும் மக்னோலியாவின் நெருங்கிய உறவு அது. 1753இல் லின்னேயஸ் அதனை மிக்கேலியா என்ற தனிப் பெயரில் பதிந்து வைத்தார். இக்காலத் தாவரவியலாரோ அதனை மக்னோலியாக்களுடனேயே சேர்த்துவிட்டனர். அவர்கள் எப்பெயரிட்டு அழைத்தாலும் நமக்கென்ன? கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் சண்பகம் என்றோ இடம் பெற்றுவிட்டதன்றோ!

நமது ஊர் குற்றாலச் சாரல் எட்டும் ஊர். 2009ஆம் ஆண்டுச் சாரலில், “கொல்லையில் ஒரு செண்பகம் இருந்தால் நன்றாயிருக்கும்” என்று உம்மா சொன்னார்கள். எதையும் கேட்டறியாத அவர்கள் கேட்டது அது ஒன்றுதான். மறுநாளே நாற்றுப் பண்ணைக்குச் சென்றோம்.

“ஒட்டுக் கன்றா, விதைக் கன்றா?” என்று பண்ணைக்காரர் கேட்டார். ஒட்டுக் கன்று இரண்டு மூன்று ஆண்டுகளில் பூத்துவிடும். மரம் பெரிதாக ஓங்காது. விதைக் கன்று பூக்க எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். ஆனால் வானளாவ வளரும். வெண்செண்பகமும் அங்கே இருந்தது. அது பெரும்பாலும் விதை வைக்காத கலப்பினம். பதியம் வைத்தோ ஒட்டுக் கட்டியோதான் பெருக்குவார்கள். பெரிய வெண்மலர் பூக்கும் அமெரிக்க மக்னோலியா ஒன்றும் இருந்தது. குளிர்ந்த மலைநாட்டில் செழிப்பது போல் நம் வெயிலில் அது செழிக்காது என்று பண்ணைக்காரரே தடுத்துவிட்டார். நாம் பொன்னிறச் செண்பகத்தின் விதைக் கன்றையே எடுத்தோம். நூறாண்டு நிற்கும் மரம் நட்டோம் என்ற பெருமை நமக்கு வேண்டியிருந்தது.

கன்றைக் கண்ட உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்போது எழுபத்து மூன்று வயது.

சுவரிலிருந்து இருபதடி தள்ளி, நீர் தேங்காத செம்மண் மேட்டில் நட்டோம். செண்பகத்தின் வேர் சதைப்பற்றுடையது, எளிதில் முறியும். ஆதலால் பையின் மண் உதிராமல் கன்றை இறக்க வேண்டும். நட்ட இடத்தைப் பின்னர் மாற்றலாகாது. அடிமரத்தைச் சுற்றி மண்வெட்டி படவும் கூடாது. காய்ந்த இலைகளை மூடாக்காகப் பரப்பி வைத்தாலே ஈரம் நிற்கும். இவற்றையெல்லாம் நாம் பின்னர் படித்தறிந்தோம். உம்மாவோ படிக்காமலே செய்தார்கள். முதல் இரு கோடையிலும் கன்றின் மேற்கே தென்னை ஓலை சாய்த்து வெயில் மறைத்தவர்கள் அவர்கள். வேரில் நீர் தேங்கினால் அழுகும் என்று, கை அள்ளி ஊற்றினார்களேயன்றிக் குடத்தைக் கவிழ்த்ததில்லை.

ஒருநாள் மனம் உறுத்தவே, “ஒட்டுக் கன்று வாங்கியிருக்கலாம், உம்மா” என்றோம். “மரம் நன்றாகத்தானே வாப்பா வருகிறது” என்றார்கள். அந்த மறுமொழியில் வருத்தம் இருந்ததா என்று இன்றளவும் நம்மால் துணிய முடியவில்லை. அன்றே ஓர் ஒட்டுக் கன்று வாங்கி அருகில் நட்டிருக்கலாம். இடமும் இருந்தது, பொருளும் இருந்தது. நமக்குத் தோன்றவில்லை.

2015இல் உம்மா மறைந்தார்கள். செண்பகம் அப்போது கூரைக்கு மேல் ஓங்கியிருந்தது, பூக்கவில்லை.

2018ஆம் ஆண்டுச் சாரலில் ஒருநாள் விடியலில் கொல்லைக் கதவைத் திறந்தபோது மணம் வந்து தாக்கியது. மேற்கிளையில் மூன்று மலர்கள். நமக்கு எட்டவில்லை. மகள் ஏணி வைத்துப் பறித்து வந்து, உம்மாவின் பழைய வெற்றிலைத் தட்டில் வைத்தாள். அன்று வீட்டில் எவரும் அதிகம் பேசவில்லை.

இப்போது செண்பகம் நட விரும்பி நம்மிடம் வழி கேட்பவர்கள் உளர். மண்ணும் நீரும் பற்றிச் சொல்லுமுன், “யாருக்காக நடுகிறீர்கள்?” என்றே கேட்கிறோம். பேரனுக்காகவெனில் விதைக் கன்று நல்லது. வீட்டில் முதியவர் ஒருவர் பூவை விரும்பிக் கேட்டிருந்தால், முதலில் ஒட்டுக் கன்றை நடுங்கள். இரண்டுக்கும் இடமிருந்தால் இரண்டையும் நடுங்கள்.

மரத்துக்குப் பொறுமை உண்டு. மனிதர்க்கு வாழ்நாள் அளவானது. மரத்தைத் தேர்ந்த அன்று, நாம் மரத்தின் வயதை மட்டுமே எண்ணினோம்.