ஊரை நடத்தவும் கல்வி வேண்டும்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து திரும்புகையில், பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருந்த தம் மகளைப் பற்றி என் தமையனார் யோசனை கேட்டார். எங்கள் குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. தொழிற்சாலைகள் அருகிலேயே இருப்பதால், பட்டம் பெற்றதும் சம்பளம் வாங்கலாம். அவளோ, திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் வளர்ச்சி நிர்வாகம் பயில விரும்பினாள்.

"ஊராட்சிச் செயலராகப் பத்தாம் வகுப்பே போதுமே! முதுகலை எதற்கு?" என்றார் தமையனார். நானும் அவர் பக்கமே நின்றேன்.

அக்டோபர் 2 அன்று கிராம சபைக்குச் சென்றோம். ஏரியைத் தூர் வார யாரிடம் மனுக் கொடுப்பது என்று அருகிலிருந்த பெரியவர்கள் வினவினர். முப்பது ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்த எனக்கும் விடை தெரியவில்லை.

"சித்தப்பா, ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவானால் ஊராட்சி ஒன்றியம், கூடுதலானால் நீர்வளத் துறை. முதலில் ஆயக்கட்டு எவ்வளவு என்று பார்ப்போம்" என்றாள் மெல்ல. நான் நாணினேன்.

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம், குடிநீர், சாலை, சுகாதாரம் உள்ளிட்ட 29 துறைகளை ஊராட்சிகளிடம் ஒப்படைக்க வழிவகுத்தது. கணக்கும் சட்டமும் திட்டமிடலும் அறியாமல் இவற்றை எங்ஙனம் நடத்துவது? டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கு மாணவர்கள் கிராமங்களில் தங்கியும் கற்கின்றனர்.

சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1931-இல் போதித்தார். அப்படியானால், சிறிய அமைப்பு அதைச் செய்யும் திறன் பெறுவதும் கடமையன்றோ?

இந்தப் படிப்பு வேலைக்கு உத்தரவாதம் தருவதன்று. அதை மறைக்காமல் தமையனாரிடம் சொன்னேன். நெடுநேரம் மௌனமாயிருந்து, விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார். அவர் கவலை இன்னும் நீங்கவில்லை, என் கவலையும்தான்.

ஆயினும், நம் வீட்டைப் பேணப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நாம், நம் ஊரைப் பேணவும் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கலாகாதா? நம் குடும்பங்கள் சிந்திக்கட்டும்.