கவிழ்த்து வைத்த டப்பா

2023 அக்டோபரில் மிச்சிகன் மாநிலத்தில் அண்ணன் வீட்டில் ஐந்து வாரம் தங்கியிருந்தேன். செப்டம்பரில் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பத்து பவுண்டுக்கு மேல் எதையும் தூக்கலாகாது, தள்ளலாகாது என்பது மருத்துவர் கட்டளை. கல்லூரியில் ஈட்டிய விடுப்பு எடுத்துக்கொண்டு உதவிக்கென்று போனவன் நான். உதவி என்றால் மருந்து எடுத்துக் கொடுப்பது, மாலையில் உடன் நடப்பது என்றுதான் எண்ணியிருந்தேன். புல்வெட்டியைப் பற்றி யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

அண்ணன் வீட்டைச் சுற்றி ஏறத்தாழ ஓர் ஏக்கர் புல்தரை. ஏப்ரல் கடைசியில் வளரத் தொடங்கும் புல் அக்டோபர் முடியும் வரை ஓய்வதில்லை. வாரம் ஒருமுறையேனும் வெட்டியாக வேண்டும். அதற்காக அவர் வைத்திருப்பது சிறு டிராக்டர் போன்று ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி. பதினேழரைக் குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர், நாற்பத்திரண்டு அங்குல அகலத்துக்குப் புல்லைச் சீவும் இரண்டு அலகுகள். புல்வெட்டியின் மூதாதை நெசவாலையில் பிறந்தது என்பதை அண்ணன் சொல்லித்தான் அறிந்தேன். கம்பளித் துணியின் மேற்பரப்பில் சிலிர்த்து நிற்கும் இழைகளைச் சீவும் பொறியைப் பார்த்த எட்வின் பட்டிங் என்னும் இங்கிலாந்துக்காரர், புல்லையும் அவ்வாறே சீவலாமே என்று எண்ணி 1830இல் காப்புரிமை பெற்றாராம்.

அவ்வாண்டு ஆயுத பூஜை அக்டோபர் 23. அண்ணி பூஜைப் படத்தின் முன் பிள்ளைகளின் மடிக்கணினிகளையும் கார்ச் சாவிகளையும் அடுக்கியபோது, அண்ணன் எழுந்துபோய்ப் புல்வெட்டியின் சாவியையும் கொண்டுவந்து வைத்தார். “இந்த வருஷம் இதைத் தூங்க வைக்கிற வேலை உன்னோடதுடா” என்றார். திருப்புளி பிடித்தறியாத கை என்னுடையது. அடுத்த சனிக்கிழமை காலை கார்க் கொட்டகையில் மடக்கு நாற்காலி போட்டு அவர் அமர்ந்துகொண்டார். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன்.

முதல் வேலை எரிபொருள். அங்கு விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் பெட்ரோலும் பழசாகிப் பிசினாக மாறி, கார்புரேட்டரின் ஊசித்துளைகளை அடைத்துவிடும். ஆகவே தொட்டியை நிரப்பி, கெடாமல் காக்கும் மருந்தை அளவாய்க் கலந்து, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டோம். தொட்டியில் மருந்து ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேர வேண்டும் என்றார்.

“சூடா இருக்கறப்பவே எண்ணெய எறக்கிடு. ஆறிட்டா அழுக்கு அடியிலயே தங்கிடும்.”

கறுத்த எண்ணெய் இறங்கியது. அழுக்கெண்ணெயில் அமிலமும் ஈரமும் உண்டு. ஐந்து மாதம் உள்ளே கிடந்தால் அவை இரும்பைத் தின்னும். புது எண்ணெய் ஊற்றிய பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொன்னார். அந்தத் துளை வழியாக ஒரு கரண்டி எண்ணெயைச் சிலிண்டருக்குள் விட வேண்டும். விட்டேன். அண்ணன் மெல்ல எழுந்து வந்து இருக்கையில் ஏறி அமர்ந்து, சாவியை இரண்டு நொடி திருப்பினார். எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் வெறுமனே சுழன்று நின்றது. “இப்ப சிலிண்டர் சுவரெல்லாம் எண்ணெய் பூசிக்கிட்டுது. துரு பிடிக்காது” என்றார்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. இதே காரியத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் நிலம். கிணற்று மேட்டில் கீற்றுக் கொட்டகை, அதில் அப்பாவின் ஐந்து குதிரைத்திறன் ஆயில் எஞ்சின். மல்லாட்டை பிடுங்கி முடித்து, கிணற்றில் நீர் அடியோடு வற்றும் பங்குனியில் அப்பா எஞ்சினை ஓய்வுக்கு வைப்பார். டீசலை இறக்குவார், குளிர்விக்கும் நீரை வடிப்பார். காற்றுப் போகும் வழியில் சிறிது எண்ணெய் விட்டு ஹாண்டிலால் மெல்லச் சுற்றுவார். எல்லாம் முடித்து, மேல்நோக்கி நிற்கும் புகைக்குழாயின் வாயில் ஒரு காலி தகர டப்பாவைக் கவிழ்த்து வைப்பார். ஆடியில் மழை கண்டு அதை எடுக்கும்வரை வீட்டில் யாரும் அந்த டப்பாவைத் தொடக்கூடாது.

2003 மாசியில் அப்பா காலமானார். அண்ணன் அமெரிக்கா போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் இருபத்தைந்து வயதில் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன். அந்தப் பங்குனியில் கொட்டகைப் பக்கம் நான் போகவில்லை. அடுத்த பங்குனியிலும் போகவில்லை. கீற்று மக்கிச் சரிந்தது. 2005இல் கனமழை பெய்து கிணறு நிறைந்தபோது, குத்தகைக்குக் கேட்டு வந்தவர் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். அது அசையவே இல்லை. புகைக்குழாய் வழியே இறங்கிய மழைநீரில் பிஸ்டன் சிலிண்டரோடு துருவேறி இறுகிப் போயிருந்தது. மெக்கானிக் கைவிரித்த பின் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டோம். தொலைபேசியில் அண்ணனிடம், “பழசாயிடுச்சு அண்ணா, ஓடல” என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

இருபது ஆண்டுகள் நான் சொல்லாமல் வைத்திருந்ததை அந்தக் கொட்டகையில், கையெல்லாம் எண்ணெயோடு சொன்னேன். பழசாகவில்லை, நான் டப்பாவைக் கவிழ்த்து வைக்கவில்லை என்றேன்.

அண்ணன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “கடைசியா அப்பா எங்கிட்ட பேசினப்ப அதைத்தான்டா சொன்னாரு. எனக்கு ஒடம்பு முடியல, பங்குனி வந்தா எஞ்சினைக் கட்டி வைக்கச் சொல்லு தம்பிகிட்டன்னாரு. நான் சரிப்பான்னேன். அப்புறம் அவரு போயிட்டாரு. வந்தேன், காரியம் முடிஞ்சுது, திரும்பிட்டேன். உங்கிட்ட சொல்லவே இல்ல. நீ ஓடலன்னு சொன்னப்பதான் ஞாபகம் வந்துச்சு.”

அன்று அவர் கேள்வி கேட்காமல் விட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. என்னைக் காப்பதற்காக மௌனமாக இருந்தார் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். என் எதிரே அவரும் ஒரு குற்றவாளியாகவே நின்றிருக்கிறார்.

மேற்கொண்டு பேசாமல் வேலையைத் தொடர்ந்தோம். ஸ்பார்க் பிளக்கின் கம்பியை மாட்டாமல் விட்டேன். அலகில் கை வைக்குமுன் அது கட்டாயம். கொண்டிகளைக் கழற்றி, அலகுகளை மூடியிருக்கும் ‘டெக்’ எனும் அடித்தகட்டைப் பக்கவாட்டில் இழுத்தேன். கோடை முழுவதும் அடித்த புல் உட்புறத்தில் பச்சைச் சாணம்போல் அப்பியிருந்தது. அதன் ஈரமே தகட்டை அரிக்கும். சுரண்டித் துடைத்தேன். அலகுகளை அரத்தால் தீட்டி, நடுத்துளையில் ஆணியை விட்டுத் தொங்கவைத்துச் சமநிலை பார்த்தோம். ஒரு பக்கம் தாழ்ந்தால் அப்பக்கம் இன்னும் தேய்க்க வேண்டும்; சமனற்ற அலகு ஓட்டத்தில் நடுங்கி இயந்திரத்தையே குலைக்கும்.

பேட்டரியில் எதிர்முனையை முதலில் கழற்றினேன். முழு மின்னேற்றத்தில் இருக்கும் பேட்டரி அந்தக் குளிரிலும் உறையாது. மின்னிறங்கியதில் அமிலம் நீர்த்துப் போவதால், அது பனியில் உறைந்து வெடித்துவிடும். அதை வீட்டினுள்ளே கொண்டுபோய் மின்னேற்றியோடு இணைத்தேன். கடைசியாக, சுண்டெலி கூடு கட்டாதிருக்கப் புகைக்குழாயின் வாயில் இரும்பு நாரை அடைத்தோம். அடைத்ததை மறந்து வசந்தத்தில் முடுக்கிவிடக் கூடாதென்று ஓர் அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டினோம். ஆங்கிலத்தில் எழுதப்போன என்னைத் தடுத்து, தமிழிலேயே எழுதச் சொன்னார். “டப்பாவை எடு” என்று எழுதினேன். அவர் சிரித்தார். மார்பைக் கையால் அணைத்துக்கொண்டுதான் அப்போது அவரால் சிரிக்க முடிந்தது.

ஓடும் எஞ்சின் தேய்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். நிற்கும் எஞ்சினோ ஒரே பருவத்தில் கெட்டுவிடும் என்பது அண்ணன் அன்று சொன்ன பாடம். இறக்காமல் உள்ளே விட்டுவைத்ததுதான் கெடுக்கிறது. எங்கள் இருவருக்குள்ளும் இருபது ஆண்டுகள் அப்படி ஒன்று இறக்கப்படாமல் கிடந்திருக்கிறது.

ஏப்ரல் இறுதியில் ஓர் இரவு அண்ணன் அழைத்தார். அவருக்கு அது காலை. பேட்டரியைத் தூக்கிவந்து பொருத்தியது பக்கத்து வீட்டுப் பையன். சாவியைத் திருப்பியது தானேதான் என்றார்.

“மொதல்ல கொஞ்சம் வெள்ளையாப் புகைஞ்சுதுடா. நீ விட்டியே அந்தக் கரண்டி எண்ணெய், அதான். அப்புறம் புடிச்சிக்கிச்சு.”