120ஆம் நாள்

தரத்தை அளக்க முடியுமா என்பது விமர்சகர்களின் பழைய சச்சரவு. இடுப்பெலும்பு முறிந்த கிழவிக்கு அது உயிர்ப் பிரச்னை.

பிரிட்டனில் 2007இல் தொடங்கிய தேசியப் பதிவேடு சில கேள்விகளை விடாமல் கேட்கிறது. 36 மணி நேரத்திற்குள் அறுவை நடந்ததா? மறுநாளே படுக்கையைவிட்டு எழுப்பினார்களா? புத்தி தடுமாறுகிறதா என்று பார்த்தார்களா? 120ஆம் நாள் எங்கே இருக்கிறாள், எப்படி நடக்கிறாள்? ஸ்வீடன் 1988லேயே இப்படியொரு பதிவேடு தொடங்கியது.

கடைசிக் கேள்விதான் என்னை உறுத்துகிறது. கம்பத்தில் விழுந்த என் பெரியம்மாவுக்கு முதலில் நாட்டுக் கட்டு. ஆறாம் நாள்தான் தேனியில் அறுவை. எக்ஸ்ரேயில் தகடு நேராக இருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் 'நலம்' என்று எழுதினார்கள். நாலு மாதம் கழித்தும் கொல்லைப்பக்கம் போக அவளுக்கு இரண்டு பேர் தோள் வேண்டியிருந்தது. சீட்டு பொய் சொல்லவில்லை. அதன் கேள்வி எலும்போடு முடிந்துவிட்டது.

கடன் பட்டுவாடா ஆன அன்றே கணக்கை முடித்து 'நலம்' என்று எழுதினால் வங்கியில் ஆடிட்டர் விடமாட்டார். பெரியம்மாவின் கணக்கு ஆஸ்பத்திரி வாசலில் முடிந்துபோயிற்று.

புத்தகமானாலும் உடம்பானாலும், கேள்வியை எந்த நாளில் நிறுத்துகிறோமோ அந்த நாள்தான் நம் அளவுகோல்.