முகவரி 3

டார்பியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா ஒருநாள் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய கறுப்பு ரயில் எஞ்சின்.

"பேரனோட தண்டவாளத்துல வெச்சா உறுமுது, நகர மாட்டேங்குது. உன்னால ஓட வைக்க முடியுமா?"

எஞ்சின் அவர் கணவருடையது. அவர் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

ட்ரை-ஆங் 1953இல் கொண்டுவந்த 'ஜிண்டி' மாடல் அது. நிஜ ஜிண்டி, எல்எம்எஸ் ரயில்வேயின் வடிவத்தில் 422 எண்ணிக்கையில் கட்டப்பட்ட சின்ன நீராவி எஞ்சின். பெரும்பாலும் யார்டில் பெட்டிகளை இங்கிருந்து அங்கே தள்ளிக்கொண்டிருக்கும்.

அது ஏன் உறுமியது என்றால், பழைய முறையில் எஞ்சினுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. கண்ட்ரோலர் குமிழைத் திருகினால் தண்டவாளத்தில் 12 வோல்ட் வரை ஏறும், எஞ்சின் ஓடும். மூன்று எஞ்சின் நின்றால் மூன்றும் சேர்ந்தே ஓடும். டிஜிட்டலில் தண்டவாளம் எப்போதும் விழித்திருக்கிறது. அதில் மின்சாரம் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறுகிறது. ஒவ்வொரு மாற்றமும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதில்தான் கட்டளை இருக்கிறது. எஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர் தன் எண் வந்தால் மட்டும் காதுகொடுக்கும். ஜிண்டிக்குள் கேட்க ஆளில்லை. முன்னும் பின்னும் இழுபட்டு, நின்ற இடத்திலேயே சூடாகிக்கொண்டிருந்தது.

டீகோடர் வாங்கி வைத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். திருகைக் கழற்றிப் பார்த்தபிறகு புரிந்தது. இதன் மோட்டார் எக்ஸ்04. இரண்டு கார்பன் பிரஷ்களையும் ஒரே ஸ்பிரிங்கின் இரண்டு கைகள் அழுத்திப் பிடிக்கின்றன. ஒரு கைக்கு மட்டும் காப்புக்குழாய் உண்டு. இன்னொன்று நேராக உடம்பைத் தொடுகிறது. எஞ்சினின் உலோகச் சட்டமேதான் பாதி ஒயர். டிஜிட்டலுக்கு இது ஆகாது. மோட்டாரின் இரண்டு முனையும் டீகோடருக்கு மட்டும்தான் சொந்தமாக இருக்கவேண்டும். எழுபது வருடப் பழைய வடிவத்தில் மோட்டாரை உடம்பிலிருந்து பிரித்தாகவேண்டும்.

கை வைக்காத எஞ்சினுக்குத்தான் விலை என்பார்கள் சேகரிப்பாளர்கள். அதை அவரிடம் சொன்னேன்.

"விக்கறதுக்கா கேட்டேன்?" என்றார்.

முதல் டீகோடர் அரை நிமிடத்தில் செத்தது. நான் போட்ட காப்புக்குழாய் ஒரு மயிரிழை குட்டை. ஸ்பிரிங் சட்டத்தைத் தொட்டிருக்கிறது. மல்டிமீட்டர் பக்கத்திலேயே கிடந்தது, எடுத்துப் பார்க்கவில்லை. அந்தப் புகை வாசனையோடு இரவு பதினொரு மணிக்கு, இறந்துபோன மனிதரின் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது முறை சக்கரத்துக்கும் பிரஷ்ஷுக்கும் இடையே மீட்டர் சத்தம் போடவில்லை என்பதை நாலு தடவை பார்த்தேன். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. தனித்தடத்தில் வைத்து முகவரியைக் கேட்டேன். இங்கே எனக்குப் பிடித்த ஒரு விஷயம். டீகோடருக்குப் பதில் சொல்ல வாயில்லை. மோட்டாரை ஒரு கணம் இழுத்துவிடும்; அந்த மின்சார ஏற்றத்தைக் கண்ட்ரோலர் கவனித்துக்கொள்ளும். ஜிண்டி 'இருக்கேன்' என்பதுபோல லேசாகத் துடித்தது. திரையில் 3 என்று வந்தது. புது எஞ்சின் டீகோடர்களுக்கு வழக்கமாக முதலில் அந்த முகவரிதான்.

ஞாயிற்றுக்கிழமை பேரன் ஓட்டினான். ஜிண்டி எறும்பு மாதிரி ஊர்ந்து, சத்தமில்லாமல் வேகம் பிடித்தது. எனக்கு ஒரே பெருமை. அந்தம்மா கொஞ்சநேரம் பார்த்தார்.

"நல்லாதான் இருக்கு. ஆனா இது அது மாதிரி இல்லையே. அவர் கிளப்பினா குதிச்சுக்கிட்டுத்தான் கிளம்பும். பெட்டியெல்லாம் கவுந்துடும்னு கத்துவேன்."

நான் எஞ்சினைத் திரும்பத் தனித்தடத்துக்குக் கொண்டுபோனேன். வேகம் கூடுவதைத் தாமதப்படுத்தும் சிவி3ஐ 0 ஆக்கினேன். தொடக்க வோல்டேஜான சிவி2ஐ ஏற்றினேன். சுமைக்கேற்ப மோட்டாரைச் சரிசெய்யும் வசதியை அணைத்தேன். காசு கொடுத்து வாங்கிய நளினத்தையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, பேரனைப் பார்த்துத் தலையாட்டினேன்.

ஜிண்டி குதித்தது. பின்னால் மாட்டியிருந்த சரக்குப் பெட்டி ஒன்று தடம் புரண்டு சாய்ந்தது.

"மெதுவா!" என்று கத்தினார் அந்தம்மா, பேரனையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல்.