வஹாக்கா ஊராருக்கு ஒரு நன்றி மடல்



உங்கள் ஊரில் எங்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. நவம்பரில் பெட்டியோடு வந்து ஏப்ரலில் பெட்டியோடு போகிறவர்கள் நானும் என் கணவரும். எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரர்களைக் கனடாவில் பனிப்பறவைகள் என்பார்கள். பலர் புளோரிடாதான் கதி என்று கிடக்க, நாங்கள் தெற்கு மெக்சிகோவின் மலைகளுக்கு நடுவில் இருக்கும் உங்களிடம் வந்து சேர்ந்தோம். உங்கள் அரசு அதிகபட்சம் 180 நாள் தங்க விடுகிறது. ஒன்டாரியோவில், 12 மாதத்தில் 212 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக அரச மருத்துவக் காப்பீட்டு உரிமை போய்விடும். மாத்திரை டப்பாவோடு சேர்த்து இந்தக் கணக்கையும் தூக்கிக்கொண்டுதான் வருகிறோம்.

இந்த மடலை நீங்கள் படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ரொறன்ரோவில் இருந்து உங்கள் ஊருக்கு வர எண்ணியிருக்கும் தமிழர்கள் படிப்பார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நன்றி, நடப்பதற்கு. நாங்கள் குடியிருக்கும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வயதானவர்களை வீட்டுக்குள் அடைப்பது குளிர் இல்லை. குளிருக்கு உடுப்பு இருக்கிறது. நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் பனிக்கட்டிதான் அடைக்கிறது. ஒருமுறை சறுக்கி இடுப்பெலும்பு போனால், பிறகு அந்த மனிதர் பழைய மனிதர் இல்லை. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். சிநேகிதிகள் எல்லாரும் தொலைபேசிக் குரல்களாகிப் போவார்கள். உங்கள் ஊரிலோ பகலில் இருபத்தைந்து டிகிரியை ஒட்டிய வெயில், இரவில் ஒரு சுவெட்டருக்குப் போதுமான குளிர். காலையில் இறங்கினால் சந்தை, மாலையில் சோக்கலோ சதுக்கத்து வாங்கு. உங்கள் நடைபாதைகளைப் பற்றி மட்டும் நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை: ஓர் இடத்தில் முழங்கால் உயரம், அடுத்த இடத்தில் பள்ளம். ஆனாலும் அது கண்ணுக்குத் தெரிகிற பள்ளம்.

அடுத்தது நிறங்களுக்கு. நிலநடுக்கத்துக்குப் பயந்து தடித்த சுவரும் தணிந்த கூரையுமாகக் கட்டிய வீடுகள். அந்தச் சுவர்களுக்கு மஞ்சள், செங்கல் சிவப்பு, அவுரி நீலம். நடுவே பச்சைக் கல்லில் எழும்பிய பழைய கோயில்கள். உங்கள் கம்பளிகளில் ஏறும் சிவப்பின் கதையைப் பக்கத்து ஊரான தியோத்தித்லானில் ஒரு நெசவுக்காரப் பெண்மணி எனக்குக் காட்டினார். சப்பாத்திக் கள்ளியின் மேல் வெள்ளைப் பொடி பூத்தது போல ஒட்டியிருந்த பூச்சியில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். கை முழுக்கச் செந்நிறம். அதில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டதும் செம்மஞ்சளாக மாறியது; கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்ததும் ஊதா. காய்ந்த பூச்சியை, எங்கள் அம்மியை ஒத்த ஒரு கல்லில் அரைத்துத்தான் கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். ஸ்பானியர் ஆட்சியில் மெக்சிகோவில் இருந்து கப்பல் ஏறிய பொருட்களில் வெள்ளிக்கு அடுத்த இடம் இந்தச் சாயத்துக்கு. ஐரோப்பிய மேட்டுக்குடியினரின் சிவப்பு அங்கிகளுக்குப் பின்னால் இருந்தது உங்கள் முன்னோரின் கைப்பாடு. சாயத்துக்கு விலை வைத்து இலாபம் கண்டவர்கள் அவர்கள் இல்லை என்பதையும் அந்தப் பெண்மணியே சொன்னார்.

சந்தையில் எனக்கு மிளகாய் விற்கும் அக்காவுக்குத் தனி நன்றி. என் வெள்ளைக்காரச் சிநேகிதிகளிடம் ஆங்கிலத்தில் விலை சொல்பவர், என் நிறத்தைப் பார்த்து ஸ்பானிய மொழியில் கடகடவென்று பொரிந்து தள்ளுவார். எனக்குப் பாதிதான் விளங்கும். அதற்காக அவர் நிறுத்துவதும் இல்லை, கொசுறு போட மறப்பதும் இல்லை. அவரிடம் ஒன்று சொல்ல ஆசை: யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் இருக்கும் மிளகாய், உங்கள் கண்டத்தில் இருந்து போர்த்துக்கீசர் வழியாக எங்களுக்கு வந்தது. உங்கள் கடைகளில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் புளி, எங்கள் சமையலிலும் இருப்பது, கடல் கடந்து உங்களிடம் வந்தது. இதையெல்லாம் சொல்லும் அளவுக்கு என் ஸ்பானிய மொழி இன்னும் வளரவில்லை.

சாப்பிடுகிறவர்களைக் கடந்து போகும்போது, முன்பின் தெரியாதவர்கள்கூட நன்றாகச் சாப்பிடுங்கள் என்று வாழ்த்திவிட்டுப் போகிறீர்களே, அதற்கும் நன்றி. நத்தாருக்கு இரண்டு நாள் முன்பு, முள்ளங்கியில் உருவங்கள் செதுக்கி ஊரையே வரிசையில் நிற்க வைக்கும் அந்த இரவுக்கும். 1897 முதல் நடக்கும் போட்டியாம். முள்ளங்கிக்கு இவ்வளவு மரியாதை செய்யும் ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனி, நன்றி சொன்னால் மட்டும் தீராத பகுதி. உங்கள் மழை ஒக்டோபரோடு நின்றுவிடும். அடுத்த மழைக்கு மே மாதம் வரவேண்டும். நாங்கள் பொன்வெயில் என்று கொண்டாடுகிற காலம் முழுவதும் உங்களுக்கு வறட்சி. பல தெருக்களில் குழாய்த் தண்ணீர் வருவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் காசு கொடுத்துத் தாங்கி லொறியில் வாங்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரை அளந்து இறைத்த ஊரில் பிறந்தவள் நான். ஆகவே கூரைத் தொட்டி வற்றுகிற ஓசை எனக்குப் புதிதில்லை. விருந்தினர் வீடுகளில் அந்த ஓசை கேட்பதே இல்லை. எங்களுக்கென்று லொறி முதலில் வந்துவிடுகிறது.

வாடகையும் அப்படித்தான். குறுகிய கால வாடகைக்கு டொலரில் தரும் எங்களைப் போன்றவர்கள் பெருகப் பெருக, நகரின் நடுப்பகுதியில் பிறந்து வளர்ந்தவர்கள் ஓரங்களுக்குத் தள்ளப்படுகிறார்கள். 2024 ஜனவரியில் உங்கள் இளைஞர்கள் இதை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். சிநேகிதி ஒருத்தி அதை விருந்தோம்பல் இல்லாத செயல் என்றாள். எனக்கு அப்படிப் படவில்லை. தாங்கள் குடியிருக்க இடம் கேட்பது விருந்தோம்பலுக்கு எதிரானதா என்ன?

ஆகவே வரப்போகும் தமிழருக்கு ஒன்று: விருந்தினருக்கென்று மாற்றிய முழு வீட்டை எடுக்காதீர்கள், ஊர்க்காரர் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை கேளுங்கள், கிடைக்கும். வாளியில் குளியுங்கள், நமக்குத் தெரியாத வித்தையா. வஹாக்கா மக்களே, உங்களுக்கும் ஒன்று: குறுகிய கால வாடகைக்குக் கட்டுப்பாடு கொண்டுவருவதாக இருந்தால், எங்கள் முகத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம். அதனால் எங்களுக்கு அங்கே அறை கிடைக்காமல் போனாலும் அது நியாயமே.


ஸ்காபரோவில் இருந்து வரும் ஒரு குளிர்கால விருந்தாளி